ரீஸ்டார்ட் போடும் முன் லாக்கைத் திறங்கள்

நூல் மூட்டை ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது. பில் போடும் ஸ்கிரீன் ஹேங் ஆகிவிட்டது. இ-வே பில் இல்லாமல் வண்டி அவிநாசி ரோட்டில் ஏற முடியாது. கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் மில்களில் சிஸ்டம் பார்க்கும் யாருக்கும் இப்படியொரு நேரம் வரும். அப்போது பலருடைய கை நேராக ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகிறது.

ரீஸ்டார்ட் போட்டால் ஸ்கிரீன் திரும்ப வந்துவிடும். ஆனால் எந்த இணைப்பு எதற்காகக் காத்திருந்தது என்ற விவரம் அந்த நிமிடமே அழிந்துபோகும். அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே சிக்கல் வந்து நிற்கும். டேட்டாபேஸ் சர்வர் தனக்கு என்ன ஆயிற்று என்பதை லாக் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதை முழுதாகப் படிக்கப் பழகியவர், சர்ட்டிபிகேட் குறைவாக இருந்தாலும், இந்த வேலையில் சீக்கிரம் மேலே வருவார் என்பது என் உறுதியான எண்ணம்.

பழக போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் நல்ல இடம். இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள் பலவற்றுக்குள்ளும் இதுவே சேர்ந்து வருகிறது. ஆகவே கோவையில் எந்த ஆபீஸில் சேர்ந்தாலும் இது உங்கள் கண்ணில் பட வாய்ப்புண்டு.

முதலில் லாக் செய்திகளின் தீவிர வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எரர் என்றால் ஒரு கட்டளை தோற்றது. ஃபேட்டல் என்றதும் பதற வேண்டாம். யாரோ பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் ஃபேட்டல்தான் விழும். அந்த ஒருவருடைய இணைப்பு மட்டும் துண்டாகும். பேனிக் வந்தால்தான் எல்லா இணைப்பும் ஒரேயடியாக அறுந்துபோகும். டேட்டாபேஸ் மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் வால் (WAL) ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டால் அதைப் பார்க்கலாம்.

அடுத்தது ஐந்து எழுத்துக் கோட். செய்தியின் வாசகம் வெர்ஷனுக்கு வெர்ஷன், மொழிக்கு மொழி மாறலாம். கோட் அப்படி மாறாது. 23505 என்றால் ஒருமுறைதான் வர வேண்டிய எண் இரண்டாவது முறை வருகிறது. பில் நம்பர் இரட்டிப்பது இதில்தான் பிடிபடும். 53300 என்றால் இணைப்பு வரம்பு நிரம்பிவிட்டது. நிறுவும்போது வரம்பு வழக்கமாக 100 இருக்கும். அதை 500 ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுவது பலரும் செய்வது, அப்படிச் செய்யாதீர்கள். எந்த அப்ளிகேஷன் இணைப்பைத் திறந்து மூடாமல் விடுகிறது என்று தேடுங்கள்.

40பி01 என்ற டெட்லாக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கிளார்க் பாவு நூல் இருப்பைத் திருத்திவிட்டுக் கூலிக் கணக்குக்குப் போகிறார். அதே நொடியில் இன்னொருவர் கூலிக் கணக்கைத் திருத்திவிட்டு அதே நூல் இருப்புக்கு வருகிறார். ஒருவர் பூட்டியதை மற்றவர் கேட்டு இருவரும் நிற்கிறார்கள். 1 நொடி ஆனதும் சர்வர் சோதித்து ஒருவரைக் கழற்றிவிடும். கழற்றப்பட்டவர் ஸ்கிரீனில் இரண்டு ப்ராசஸ் எண்களும், கட்டளை விவரத்துக்குச் சர்வர் லாக்கைப் பாருங்கள் என்ற குறிப்பும் மட்டுமே வரும். அடுத்தவர் என்ன கட்டளை கொடுத்தார் என்பதை எல்லோருக்கும் காட்டக் கூடாது என்பதால் சர்வர் அதை லாக்கில் மட்டும் எழுதுகிறது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கி யோசிப்பவருக்குப் பாதிக் கதைகூடக் கிடைக்காது. லாக்கைத் திறந்தால் இரு கட்டளைகளும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். இரண்டு புரோகிராமும் டேபிள்களை ஒரே வரிசையில் தொடும்படி மாற்றினால் சிக்கல் தீர்ந்தது. டெவலப்பரிடம் இதை ஆதாரத்தோடு சொல்லும் ஆளை எந்த மேனேஜரும் மறக்க மாட்டார்.

இந்த விவரமெல்லாம் கிடைக்க, செட்டிங்கை முன்கூட்டியே சரிசெய்து வைக்க வேண்டும். நிறுவியபடியே விட்டால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நேரமும் ப்ராசஸ் எண்ணும்தான் இருக்கும். மேலே சொன்ன ஐந்து எழுத்துக் கோட், யூசர், டேட்டாபேஸ், அப்ளிகேஷன் பெயர், எந்த மெஷினிலிருந்து வந்தது என்பவற்றையும் சேருங்கள். மெதுவாக ஓடும் கட்டளைகளைப் பதியும் வசதி ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். 1 நொடிக்கு மேல் போவதை மட்டும் எழுதச் சொல்லி ஆரம்பியுங்கள். பூட்டுக்காகக் காத்திருப்பதையும் பதியச் செய்யுங்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது? ரெட்ஹாட் வகை லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் பேக்கேஜைப் போட்டால் லாக் ஃபைலுக்குக் கிழமையின் பெயர்தான் வரும். அடுத்த திங்கள் வந்ததும் போன திங்கள் லாக் அழிந்துவிடும். ஏழு நாள்தான் கையில் இருக்கும். ஆனால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவு, கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைக்கச் சொல்கிறது. சைபர் தாக்குதல் போன்ற சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சர்வர் கடிகாரங்களையும் அரசு நேர சர்வர்களோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதைச் சரிபார்த்து மேலதிகாரிக்கு மெயில் போடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் எழுத வைத்துவிடாதீர்கள். எல்லாக் கட்டளைகளையும் பதியச் சொன்னால், பாஸ்வேர்ட் மாற்றும் கட்டளைகூட அப்படியே லாக்கில் விழ வாய்ப்புண்டு. தொழிலாளர் ஆதார் எண், பேங்க் கணக்கு எண்ணும் அப்படித்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. லாக் ஃபைலைத் திறக்கும் உரிமை யார் யாருக்கு என்று பாருங்கள்.

ஆடிட்டர் கேட்கும் எடிட் லாக் வேறு விஷயம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் தம் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவை அணைக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். சர்வர் லாக்கைக் காட்டி அதைச் சமாளிக்க முடியாது.

லாக் எழுதப்படுவது மட்டும் போதாது, அது ஓர் ஆளிடம் போய்ச் சேர வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு ஊழியர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் ஃபைல்களை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடினால் ஒன்றுமில்லை. பேக்கப் எடுக்கும் கருவி 9.2 வெர்ஷன், சர்வரோ 9.6. இரண்டும் பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொன்ன எச்சரிக்கை மெயில்களை, முறையான கையொப்பம் இல்லையென்று மெயில் சர்வர் திருப்பியடித்துவிட்டது. சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று. அதனால் மாதம் ஒருமுறை வேண்டுமென்றே ஒரு எரரை உண்டாக்கி, உங்கள் போனுக்குச் செய்தி வருகிறதா என்று பாருங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு விண்டோ திறந்து, மேலே சொன்ன டெட்லாக்கை நீங்களே உண்டாக்குங்கள். இணைப்பு வரம்பை 5 ஆக்கி 53300-ஐ வரவழையுங்கள். ஒவ்வொன்றுக்கும் லாக்கில் விழுந்த வரியை ஒரு நோட்டில் எழுதி, காரணத்தையும் தீர்வையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். பிஜிபேட்ஜர் என்ற இலவசக் கருவி, பெரிய லாக்கைச் சுருக்கி அறிக்கையாகத் தரும். அதையும் ஓட்டிப் பாருங்கள். வேலையில் சேர்ந்த பிறகு எந்தச் சிக்கல் வந்தாலும் நேரம், கோட், எந்த யூசர், எந்தக் கட்டளை, நீங்கள் செய்தது என்ன என்ற ஐந்தையும் ஒரே மெயிலில் எழுதி அனுப்புங்கள். இரவு ஷிப்ட் ஆளுக்கும் ஒரு காப்பி போகட்டும்.