ஊசி போட்ட கோழிக்கும் கழிச்சல் வருமா?

ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு வாழைத் தோட்டம். அதில் 40 நாட்டுக்கோழி மேய்ந்தது. 24 பெரியது, 16 குஞ்சு. வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கம், எந்தக் கோழிக்கு எப்போது ஊசி போட்டேன் என்று நோட்டில் எழுதி வைப்பேன். பெரிய கோழிக்கெல்லாம் போட்டாயிற்று. குஞ்சுகளை மட்டும் 'கொஞ்சம் வளரட்டும்' என்று விட்டிருந்தேன்.

போன மாசியில் ஒரு சந்தையில் 6 வெடைக்கோழி வாங்கினேன். "ஊசி போட்டதுதான்" என்றார்கள். வந்த அன்றைக்கே கூட்டத்தில் விட்டேன். ஒன்பதாம் நாள் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. இரண்டுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. ஒரே வாரத்தில் 14 குஞ்சும், ஊசி போட்ட ஒரு பெரிய கோழியும் போய்விட்டன. வாங்கி வந்த ஆறும் நன்றாகவே இருந்தன!

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்: "என்ன சார், ஊசி போட்டதும் சாவுதே, அப்புறம் எதுக்கு ஊசி?" நம்மில் பல பேருக்கு இந்தக் கேள்வி உண்டு. நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இது வெள்ளைக்கழிச்சல். குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட் ஊரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்கிறோம். வெளிநாட்டில் நியூகாசில் நோய். மூச்சுக்காற்று, எச்சம், தண்ணீர், நம் செருப்பு எல்லாவற்றிலும் பரவும்.

முதல் பாடம்: இந்த ஊசி கோழியின் சாவைத் தடுக்கும், கிருமி உடம்புக்குள் நுழைவதை முழுசாகத் தடுக்காது. ஊசி போட்ட கோழி நோய் தெரியாமலே சில நாள் கிருமியை வெளியே விடலாம். ஊசி போடாத கோழியைவிடக் குறைவாக விடும், அவ்வளவுதான். என் வெடைக்கோழிகள் அப்படித்தான் கொண்டு வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது: கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது. பெருகும்போதெல்லாம் அதன் மரபுப் பொருளில் நகல் பிழை விழுகிறது. நாம் சொட்டு விடும் லசோட்டா 1940களில் எடுத்த கிருமி, மரபு வகையில் 2. இந்தியாவில் செத்த கோழிகளில் 7, 13 ஆகிய வகைகளைக் கண்டிருக்கிறார்கள். அதற்காக ஊசி வீண் என்று நினைக்காதீர்கள். வகை வேறானாலும் ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றதையும் பிடிக்கும். ஆனால் எதிர்ப்பு நல்ல அளவில் இருக்க வேண்டும். அரைகுறையாகப் போட்டால் உயிரும் தப்பாது, பரவுவதும் நிற்காது.

மேரக் என்ற இன்னொரு கோழி நோயில் 2015இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. கொடிய கிருமி ஊசி போடாத கோழியைச் சீக்கிரம் கொன்றுவிட்டது. அதனால் அதிகம் பரவவில்லை. ஊசி போட்டது பிழைத்து, நாள்கணக்கில் கிருமியைப் பரப்பியது. ஊசி போட்டதும் போடாததும் கலந்து இருக்கும் கூட்டத்தில் போடாததுக்குத்தான் ஆபத்து. ஆகவே போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும்.

இப்போது நான் செய்வது:

1. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4ஆம் வாரம் லசோட்டா. 8ஆம் வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்.டூ.பி. ஊசி, அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம். நோய்வாய்ப்பட்ட கோழிக்குப் போடுவதில்லை.

2. மருந்தை ஐஸ் பெட்டியில்தான் கொண்டு வருவேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் பைக்கில் தொங்கவிட்டு வந்தால் செத்த மருந்துதான்.

3. தண்ணீரில் கலந்தால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது. கிணற்றுத் தண்ணீர் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவே வைப்பேன்.

4. புதுக்கோழிக்கு 21 நாள் தனிக்கூடு. சந்தையில் விற்காமல் திரும்பி வந்ததற்கும் அதேதான். தீனி வைக்கும்போது பழைய கோழிக்கு முதலில், புதுசுக்குக் கடைசியில்.

5. செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைப்பேன். வாய்க்காலிலோ கொள்ளிடத்திலோ வீசினால் அடுத்த ஊருக்கு நாமே நோயை அனுப்புகிறோம்.

மூலிகை உருண்டை கொடுப்பதை நான் விடவில்லை. கோழிக்குத் தெம்பு தரும். ஆனால் இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. ஊசிக்குப் பதிலாக மூலிகையை நம்ப வேண்டாம்.

கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் திருச்சி கொட்டப்பட்டில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் இருக்கிறது. ஊசி போட்ட கோழி சாகிறது என்றால் புதைக்கும் முன் ஒன்றையாவது பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்த வகைக் கிருமி நம் ஊரில் சுற்றுகிறது என்பது அப்படித்தான் தெரியும்.

பக்கத்து அண்ணனிடமும் இதையேதான் சொன்னேன். இந்த மாசம் இரண்டு தோட்டத்துக் குஞ்சுகளுக்கும் ஒரே நாளில் சொட்டு விட்டோம்.