கண்டாங்கி கற்பிக்கும் அமைப்புப் பாடம்

அமைப்பு என்பது ஓவியருக்கு மட்டும் உரிய கலையன்று. ஒரு பரப்பில் எதனை எங்கே, எவ்வளவு இடுவது என்று தீர்மானிப்பதே அமைப்பாகும். இடைவெளி விட்டு நாற்று நடும் உழவரும், பாவுக்கு இழை எண்ணும் நெசவாளரும் இதனை அறிவர்.

திருக்கோஷ்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் கோயிலின் அஷ்டாங்க விமானத்தைச் சற்றுத் தொலைவில் நின்று நோக்குக. கீழ்நிலை அகன்றும் மேல்நிலைகள் படிப்படியாகக் குறுகியும் செல்வதால், சிற்பங்கள் பலவாயினும் பார்வை தடுமாறாது உச்சியை அடைகிறது. ஒன்று தலைமை ஏற்க, ஏனையவை அதற்கு அடங்கி நிற்றல் முதல் விதி.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில் அகன்ற கரையே தலைமை. உடலின் கட்டங்களும் கோடுகளும் துணை. அரக்கு, மஞ்சள், கறுப்பு முதலிய அழுத்தமான நிறங்கள் ஒன்றையொன்று எடுத்துக் காட்டுகின்றன. 48 அங்குல அகலச் சேலையில் கரை ஒவ்வொன்றும் 8 அங்குலம் எனக் கொள்வோம். மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கரையாகும். சாயச் செலவைக் குறைக்கக் கருதிக் கரையை 3 அங்குலமாக்கினால், அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்போது கட்டமும் கரையும் ஒன்றோடொன்று போட்டியிடும். கண்டாங்கி கேட்டு வந்தவர் அதனை அடையாளம் காணாது திரும்புவார்.

அடுத்தது அளவு. பாவில் அங்குலத்துக்கு 64 இழையும், ஊடையில் 56 இழையும் இருப்பின், ஓர் அங்குலச் சதுரத்துக்கு ஊடை 56 இழையே போதும். பாவைப் போலவே 64 இழை ஓட்டினால், கட்டம் ஏழில் ஒரு பங்கு நீண்டுவிடும். சதுரம் என்று எண்ணி நெய்தது நீள்சதுரமாகிவிடும்.

இவற்றைப் பாவு ஓட்டுமுன் தீர்மானித்தல் வேண்டும். ஒரே பாவில் பல சேலைகள் நெய்யப்படுவதால், ஒரு பிழை அத்தனையிலும் தொடரும். சரக்குத் தேங்கினால் இழப்பு சங்கத்துக்கு. சங்கத்தின் இழப்பு அங்கத்தினர் அனைவருக்குமே.

ஆகவே, புதிய மாதிரியை முதலில் கட்டத்தாளில் வண்ணமிட்டு வரைக. சுவரில் ஒட்டிப் பத்தடி விலகி நின்று, கண்களைப் பாதி மூடி நோக்குக. கரை முதலில் புலப்பட்டால் அமைப்பு சரியாகும். கட்டங்கள் முந்தினால் அவற்றின் நிறத்தைத் தணித்தோ, கரையை அகட்டியோ மீண்டும் வரைக. செலவு ஒரு தாள்தான்.

2019ஆம் ஆண்டில் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிட்டியது. அது பெயரைக் காக்கும். அப்பெயருக்குரிய தோற்றத்தைக் காப்பது தறியில் அமர்ந்திருப்பவர் பொறுப்பாகும்.