2 வார ஜெர்மனி கோர்ஸ்: எந்தப் பணத்தை எப்போ கட்டணும்?



வேலை பார்த்துக்கிட்டே ஜெர்மன் மொழி படிக்கிறவங்க இப்போ நிறைய பேர் இருக்கீங்க. அதில் பலருக்கு ஒரு ஆசை உண்டு. லீவு போட்டு 2 வாரமோ 4 வாரமோ ஜெர்மனிக்கே போய் ஒரு கோர்ஸ் முடிச்சுட்டு வரணும். நல்ல ஆசைதான்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பீங்க. அதோட இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க: "எந்தப் பணத்தை எப்போ கட்டணும்?" விசா கிடைக்கலைன்னா உங்களுக்கு நஷ்டம் சில ஆயிரமா, ஒன்றரை லட்சமா என்பது இந்த வரிசையைப் பொறுத்துதான் இருக்கு.

1. முதலில் காசு செலவில்லாத வேலைகள்

பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்க. ஷெங்கன் விசாவுக்கு, நீங்க திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் அது செல்லுபடியாக இருக்கணும். 2 பக்கம் காலியா இருக்கணும். 10 வருடத்துக்குள் வாங்கினதாகவும் இருக்கணும்.

அடுத்தது ஹெச்ஆர். லீவு பாலன்ஸ் எவ்வளவு, தொடர்ந்து எத்தனை நாள் எடுக்கலாம், நடுவில் வரும் சனி ஞாயிறையும் லீவாகக் கணக்கில் எடுப்பாங்களா என்று கேளுங்க. லீவு போதாமல் லாஸ் ஆஃப் பே ஆனால் அதுவும் பயணச் செலவுதான். 60,000 ரூபாய் சம்பளத்தில், மாதத்துக்கு 30 நாள் கணக்கில், 6 நாள் போனால் 12,000 ரூபாய் குறையும். லீவுக்கு ஒப்புதல் சொன்ன கடிதத்தையும் எழுத்தில் வாங்குங்க. விசாவுக்கு சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு அதுவும் தேவைப்படும்.

2. பணம் சேர்க்க ஒரு வருடம் கொடுங்க

கோர்ஸ், தங்குமிடம், விமானம், சாப்பாடு எல்லாம் சேர்த்து உங்க பட்ஜெட் 2,40,000 ரூபாய் என்று வச்சுக்குவோம். மாதம் 20,000 ரூபாய் வீதம் ஆர்டி போட்டால் 12 மாதத்தில் பணம் ரெடி. அதே தொகையை 14 சதவீத வட்டியில் 2 வருட பர்சனல் லோனாக வாங்கினால், மாதம் சுமார் 11,500 ரூபாய் இஎம்ஐ. வட்டி மட்டுமே 36,000 ரூபாய்க்கு மேல் போகும். 2 வாரப் படிப்புக்கு 2 வருடக் கடன் வேண்டாம்.

இன்னொரு விஷயம். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கணும். கடைசி வாரத்தில் நண்பரிடம் கைமாத்து வாங்கி 2 லட்சம் போட்டால், அது எங்கிருந்து வந்ததுன்னு கேள்வி வரும்.

3. கட்டும் வரிசை

90 நாளுக்கு உட்பட்ட மொழி கோர்ஸுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா போதும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு இதன் கட்டணம் 90 யூரோ. விசா சென்டரின் சர்வீஸ் சார்ஜ் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. இது தவிர்க்க முடியாத ரிஸ்க்.

மற்றதை உங்க கட்டுப்பாட்டில் வைக்கலாம்:

• கோர்ஸ் ஃபீஸ்: விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவாங்க, எந்தத் தேதிக்குள் சொல்லணும் என்பதைப் படிச்சுட்டுக் கட்டுங்க.
• தங்குமிடம்: இலவசமாக ரத்து செய்யக்கூடியதை மட்டும் புக் பண்ணுங்க.
• விமானம்: விண்ணப்பத்துக்கு ரிசர்வேஷன் போதும். ரீஃபண்ட் இல்லாத மலிவு டிக்கெட்டை விசா வந்த பிறகு வாங்குங்க.
• இன்சூரன்ஸ்: குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் கவரேஜ் கட்டாயம். விசா மறுப்பு வந்தால் பிரீமியம் திரும்ப வருமா என்று முதலிலேயே கேளுங்க.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள். சில சமயம் 45 நாள் வரை போகலாம். அதனால கோர்ஸ் தொடங்கும் தேதிக்கு 3 மாதம் முன்பே விண்ணப்பம் உள்ளே போயிடணும். அப்போதான் டிக்கெட்டை நிதானமாக வாங்க முடியும்.

4. கார்டில் காசு ஓட்டை

பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீத மார்க்கப் உண்டு. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13 சதவீதம். யூரோ 100 ரூபாய் என்று வச்சு 1,000 யூரோ தேய்ச்சால் 4,130 ரூபாய் கூடுதலாகப் போகும். மார்க்கப் இல்லாத கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ இருந்தால் இதை மிச்சம் பிடிக்கலாம். ஃபாரெக்ஸ் கார்டில் லோடிங் கட்டணம், ரேட் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

அங்கே மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் எப்பவும் யூரோவையே அமுக்குங்க. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவங்க வைக்கிற ரேட்தான். கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுக்காதீங்க. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணுங்க. பெரும்பாலான கார்டுகளில் அது ஆஃபில்தான் இருக்கும். ஓடிபி வரணும் என்பதால் இந்திய சிம்முக்கு ரோமிங்கும் வேணும்.

5. டிசிஎஸ் பயம் வேண்டாம்

2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ். தனியாக ஃபீஸ் கட்டி, தனியாக டிக்கெட் போட்டால் நம்ம பட்ஜெட்டுக்கு அது வராது. ஆனால் ஏஜென்ட் எல்லாத்தையும் சேர்த்து வெளிநாட்டு டூர் பேக்கேஜாக பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் உண்டு. பிடிச்சாலும் அது உங்க வரிக் கணக்கில்தான் சேரும். ஐடிஆரில் க்ளெய்ம் பண்ண மறக்காதீங்க.

6. அங்கே போனதும்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி, காய் வாங்கி வச்சுட்டால் ஹோட்டல் செலவு மிச்சம். தண்ணீர் பாட்டில்களில் பலவற்றுக்கு 25 சென்ட் டெபாசிட் இருக்கும். காலி பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் அந்தக் காசு திரும்ப வரும்.

நாடு முழுக்க பஸ், மெட்ரோ, உள்ளூர் ரயிலில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட், 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. அது காலண்டர் மாதக் கணக்கு. 20-ம் தேதி இறங்கி அடுத்த மாதம் 3-ம் தேதி கிளம்பினால் 2 மாதக் கட்டணம் ஆகலாம். அது சந்தா வேற; ரத்து செய்ய மறந்தால் நீங்க ஊருக்கு வந்த பிறகும் காசு பிடிப்பாங்க. வாங்கும்போதே ரத்து செய்யும் தேதியைக் குறிச்சு வைங்க.

7. ஊரில் இருக்கும் கணக்கு

நீங்க அங்கே இருக்கும்போதும் இங்கே வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி, அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஓடும். ஒரு மாத கமிட்மென்ட்டை சேலரி அக்கவுன்ட்டில் தனியாக விட்டுட்டுப் போங்க. எமர்ஜென்சி ஃபண்டை இந்தப் பயணத்துக்குத் தொடாதீங்க. அதைத் தொட்டால்தான் போக முடியும் என்றால், கோர்ஸை அடுத்த பேட்சுக்குத் தள்ளி வைங்க. கோர்ஸ் திரும்ப வரும். அந்த 6 மாதத்தில் பணமும் சேரும், ஜெர்மனும் இன்னும் கொஞ்சம் கைவசமாகும்.

இந்த வாரம் இரண்டே வேலை: பாஸ்போர்ட் தேதியைப் பாருங்க, ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த சம்பளத்திலேயே ஆர்டியைத் தொடங்கிடலாம்.