நனைந்த ரிமோட் சாவியும் நமது வியாபாரமும்



முன்பெல்லாம் வண்டிச் சாவி என்றால் வெறும் இரும்புத் துண்டு. கிணற்றில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்தால் வேலை செய்யும். இன்றைய ரிமோட் சாவிக்குள் மின்சுற்றுப் பலகை, பட்டன், பேட்டரி எல்லாம் உள்ளன. விடியற்காலையில் கோயம்பேடு கொள்முதலுக்குப் புறப்படும் நேரத்தில் அது கைவிட்டால், அன்றைய வியாபாரமே கெட்டுவிடும்.

நமது பகுதியில் சாவி நனைய இரண்டு வழிகள். ஒன்று மழை வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதையும், 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியதையும் நாம் மறக்கவில்லை. மற்றொன்று, விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய், சாவியைப் பையில் வைத்தபடியே அலையில் இறங்குவது. இரண்டில் கடல்நீரே கொடியது.

உப்பு செய்யும் கெடுதி

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் நம் கடை உப்பு மூட்டை ஈரம் இழுத்துக் கசிவதுபோல, சாவிக்குள் தங்கிய உப்பும் ஈரம் இழுக்கும். பேட்டரியின் மின்சாரம் அந்த ஈரத்தில் பாய்ந்து, பலகையிலுள்ள செம்புத் தடங்களை அரிக்கும். நனைந்த அன்று வேலை செய்த சாவி சில வாரம் கழித்துக் கெடுவது இதனால்தான். ஆகவே, கடல்நீரில் நனைந்த சாவியை அப்படியே காயவிடாமல், முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பட்டனை அழுத்திப் பார்க்காமல், உடனே சாவியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள்.

2. பலகையை வெளியே எடுங்கள். சில சாவிகளில் சிறு சில்லு ஒன்று கூட்டுக்குள் தனியே இருக்கும். அது தவறினால் வண்டி கிளம்பாது. திறக்க வராத சாவியைச் சாவி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

3. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பலகையை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கடற்கரையில் அது கிடைக்காவிட்டால், குடிநீர் பாட்டிலால் கழுவி, வீட்டுக்கு வந்ததும் மறுபடி அலசலாம்.

4. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் பலகையைத் துடையுங்கள். அருகில் விளக்கு, அடுப்பு கூடாது.

5. மின்விசிறியின் கீழ் ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, புதிய பேட்டரி போடுங்கள். பழைய பேட்டரியின் மேலுள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். சி.ஆர். 2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம்.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பது வீண். அரிசி உப்பை எடுக்காது. அதன் தூசியும் மாவும்தான் உள்ளே போகும். கடும் வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைப்பதும் கூடாது.

அவசரத்திற்கு

பல ரிமோட் சாவிகளுக்குள் கதவு திறக்கும் சிறு இரும்புச் சாவி மறைந்திருக்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில், பேட்டரி செத்த சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பும். சில வண்டிகளில் இதற்கென வேறு இடம் உண்டு. வண்டியோடு தந்த கையேட்டை இன்றே பார்த்து வையுங்கள்.

இரண்டாவது சாவியை வீட்டில் பத்திரப்படுத்தி, மாதம் ஒருமுறை சோதியுங்கள். பழைய வண்டி வாங்குவோர் இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்க வேண்டும். புதுச் சாவி வேண்டுமானால் ஆர்.சி., அடையாளச் சான்றுடன் டீலரிடம் போய், அது வந்து சேரும்வரை காத்திருக்க நேரிடும். சாவி மாற்றும் செலவுக்கெனக் காப்பீட்டில் தனிச் சேர்க்கை உண்டு. புதுப்பிக்கும்போது அதன் நிபந்தனைகளைக் கேட்டறியுங்கள்.

இறுதியாக ஒன்று. பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். கழற்றிய பேட்டரியைக் கல்லாப்பெட்டி மேல் போட்டு வைக்காதீர்கள். கடையில் இதை விற்பவர்கள், வாங்க வருபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.