பேக்கேஜ் பட்டியல் ஒன்றானால் இரண்டு லினக்ஸும் ஒன்றா?

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் லினக்ஸைக் கொண்டுவந்தது. தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. டெபியன் வழிவந்த கணினி எதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தாலும் ஒரு நம்பிக்கை குறுக்கே வந்து நிற்கிறது: ஒரே பேக்கேஜ்கள், ஒரே பதிப்பு எண்கள் என்றால் இரண்டு கணினிகளும் ஒன்றுபோலத்தான் இயங்க வேண்டும், இயங்காவிட்டால் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும். இதில் முன்பாதியும் தவறு, பின்பாதியும் தவறு.

ஒரு கணினியில் தமிழ்99 விசைப்பலகை ஒழுங்காக வேலை செய்கிறது, பக்கத்துக் கணினியில் எதைத் தட்டினாலும் ஆங்கிலமே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1999-இல் தரப்படுத்தப்பட்ட இந்த விசைப்பலகை, லினக்ஸில் பெரும்பாலும் ஐபஸ், எம்17என் என்ற பேக்கேஜ்கள் வழியாகவே கிடைக்கிறது. டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியின் 'டிபிகேஜி -எல்' கட்டளை தரும் பட்டியலில் இரண்டு கணினிகளிலும் அவை இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியல், எது வந்து இறங்கியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எந்த விசைப்பலகைகள் சேர்க்கப்பட்டுள்ளன என்பது பயனரின் ஹோம் அடைவிலுள்ள டிகான்ஃப் கோப்பில் கிடக்கிறது. பேக்கேஜை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் டிபிகேஜி அந்த அடைவைத் தொடாது. ஆகவே முதல் சோதனை, புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து அதில் தமிழ்99-ஐச் சேர்த்துத் தட்டிப் பார்ப்பது. அங்கே தமிழ் வந்தால், கோளாறு பழைய கணக்கின் அமைப்பில்தான்.

கோளாறு எல்லாப் பயனர்களுக்கும் இருந்தால், கணினி முழுவதற்குமான அமைப்புக் கோப்புகள் உள்ள ஈடிசி அடைவைப் பார்க்க வேண்டும். இங்கேதான் 'மறுபடி இன்ஸ்டால்' வைத்தியம் அதிகம் ஏமாற்றுகிறது. 'ரிமூவ்' கட்டளை நிரலை நீக்கும், அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். பட்டியலில் அந்தப் பேக்கேஜுக்கு 'ஆர்சி' என்ற குறி விழும். 'பர்ஜ்' செய்தால்தான் அந்தக் கோப்புகளும் போகும். நாம் கைவைத்துத் திருத்திய கோப்பைப் புதுப்பிப்பு தானாக அழிப்பதில்லை; நாமும் மாற்றி, பேக்கேஜ்காரரும் மாற்றியிருந்தால் எதை வைப்பது என்று கேட்கும். அமைப்புக் கோப்பு ஒன்றை நாமே அழித்திருந்தால், அதுவும் நம் விருப்பம் என்று டிபிகேஜி கருதி, மறு இன்ஸ்டாலில்கூட அதைத் திரும்ப வைக்காது. இதைக் குறையென்று சொல்ல முடியாது. சர்வரைப் பராமரிப்பவர் பார்த்துப் பார்த்துச் செய்த திருத்தங்கள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பறிபோனால் யாரும் புதுப்பிக்கவே துணியமாட்டார்கள்.

அப்படியானால் நல்ல கணினியின் ஈடிசி அடைவை அப்படியே நகலெடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. எந்த வட்டுப் பிரிவை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தக் கணினியின் வட்டுக்கே உரிய அடையாள எண்கள் இருக்கும். வேறு வட்டில் போட்டால் கணினி துவங்காமலே போகலாம். மெஷின்-ஐடியும் எஸ்எஸ்ஹெச் சாவிகளும் கணினிக்குக் கணினி வேறாக இருக்க வேண்டியவை. இரண்டு கணினிகளின் ஈடிசி அடைவுகளையும் 'டிஃப்' கொண்டு ஒப்பிட்டு, 'டிபிகேஜி --வெரிஃபை' எந்தக் கோப்புகள் மாறியிருப்பதாகக் காட்டுகிறது என்று பார்த்து, கோளாறோடு தொடர்புள்ள கோப்பை மட்டும் திருத்தினால் போதும்.