எஹோன் வழியே ஜப்பானிய மொழி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: குழந்தைகளின் படப் புத்தகம்தானே, புதிதாகப் படிப்பவருக்கு அதுதான் சுலபம்.

வேலைக்குப் போய்க்கொண்டே ஜப்பானிய மொழி கற்பவர்களிடம் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். படப் புத்தகத்தை ஜப்பானியர் எஹோன் என்கிறார்கள். எஹோன் படிக்கச் சொல்வது நல்ல யோசனை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. ஐந்து வயது ஜப்பானியக் குழந்தைக்கு எழுத்துதான் புதிது, மொழி பழையது. ஆயிரக்கணக்கான சொற்களைக் காதால் கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் படித்துக்காட்டவே இவை எழுதப்படுகின்றன. நமக்கோ நிலைமை தலைகீழ். பாடநூலில் அலுவலகமும் ரயில் நிலையமும் படித்திருப்போம். கதையைத் திறந்தால் தலைப்பிரட்டை வரும்.

1963-இல் ‘கொதோமோ நோ தோமோ’ என்ற மாத இதழில் வந்த ‘குரி தோ குரா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்த நகாகவா ரியெகோ எழுத, அவருடைய தங்கை யூரிகோ படம் வரைந்தார். இரண்டு வயல் எலிகள் காட்டில் ஒரு பெரிய முட்டையைக் கண்டெடுத்து, அங்கேயே அடுப்பு மூட்டி கஸ்தெரா கேக் செய்கின்றன. கதை அவ்வளவுதான். ஆனால் முட்டை அடிக்கும் கருவிக்கு ‘அவாததேகி’ என்று பெயர் இருப்பதை என் பாடநூல் சொல்லவே இல்லை. படம் சொன்னது. ‘அவா’ என்றால் நுரை; நுரை எழுப்புவது என்று அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்த பிறகு அது மறக்கவே இல்லை.

நம்பிக்கை: கான்ஜி எழுத்து இல்லாததால் படிப்பது லேசு.

எஹோன் பெரும்பாலும் ஒலியை மட்டும் காட்டும் ஹிராகனாவில் இருக்கும்; அதன் அடிப்படை எழுத்துகள் 46. பொருளைக் காட்டும் கான்ஜி எழுத்துகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு பட்டியலிட்டவை 2,136. கணக்கைப் பார்த்தால் லேசாகத்தான் தோன்றும். ஆனால் ‘ஹாஷி’ என்று ஹிராகனாவில் எழுதினால் அது பாலமாகவும் இருக்கலாம், சாப்பிடும் குச்சியாகவும் இருக்கலாம், ஓரமாகவும் இருக்கலாம். கான்ஜியில் மூன்றுக்கும் தனித்தனி எழுத்து. கண் பட்டதும் பொருள் தெரிந்துவிடும். வழக்கமான ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுவதில்லை. எஹோனில் விடுகிறார்கள். அந்த இடைவெளியும் படமும்தான் நமக்குப் பிடிமானம். வாய்விட்டுப் படித்தால் இன்னும் தெளியும்.

நம்பிக்கை: தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம், நமக்குத் தானாக வந்துவிடும்.

இரண்டுக்கும் உறவு உண்டு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. தானாக எதுவும் வராது. ஆனால் உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கியத்தின் நடை நமக்குப் பழகிய நடை. ‘தபேதே மிரு’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. ‘கத்தே ஓகு’ என்றால் ‘வாங்கி வை’. ‘மொத்தே குரு’ என்றால் ‘கொண்டு வா’. பார், வை, வா என்ற துணைவினைகள் நம்மிடம் செய்கிற வேலையையே அங்கேயும் செய்கின்றன. கதையில் ‘தபேச்சத்தா’ என்று வரும். அகராதியில் அப்படியே தேடினால் கிடைக்காமல் போகலாம். ‘தபேதே ஷிமத்தா’ என்பது பேச்சில் அப்படிச் சுருங்கியிருக்கிறது, ‘சாப்பிட்டுவிட்டான்’ நம் வாயில் ‘சாப்பிட்டுட்டான்’ ஆவதைப் போல. தமிழருக்கு இதை ஒரு முறை காட்டினால் போதும்.

இன்னொன்று இரட்டைக்கிளவி. ‘கிராகிரா’ என்றால் மினுமினு. ‘தோகிதோகி’ என்றால் நெஞ்சு படபட. ‘புவாபுவா’ என்றால் மெத்துமெத்து. நிசப்தத்துக்குக்கூட ‘ஷீன்’ என்று ஓர் ஒலிச்சொல் வைத்திருக்கிறார்கள்! தொடக்கப் பாடநூல்களில் இவை அரிது. எஹோனில் பக்கத்துக்குப் பக்கம் வரும். கவிஞர் தனிகாவா ஷுந்தாரோவின் ‘மோகோ மோகோமோகோ’ (1977) ஏறக்குறைய முழுவதும் ஒலிச்சொற்களாலேயே ஆனது. படிக்கும் பழக்கத்தை அந்த மாதிரிப் புத்தகத்தில் தொடங்குங்கள் என்பேன். அதைப் படிக்க இலக்கணம் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

நம்பிக்கை: தெரியாத சொல்லையெல்லாம் அகராதியில் பார்த்தால்தான் படித்ததாகக் கணக்கு.

ஜப்பானில் ‘ததோகு’, அதாவது நிறையப் படித்தல், என்று ஒரு முறை இருக்கிறது. மிக எளிதானதில் தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாததைத் தாண்டிப் போ, சரிவரவில்லை என்றால் வேறு புத்தகம் எடு. இந்த நான்குதான் அதன் விதிகள். என் அனுபவத்தில் முதல் வாசிப்புக்கு இது அப்படியே பொருந்தும். மூன்றாவது முறையும் அதே சொல் வழி மறித்தால் அப்போது அகராதியைப் புரட்டுங்கள், தவறில்லை.

நம்பிக்கை: எஹோன் மட்டுமே போதும்.

போதாது. வாடிக்கையாளரிடமும் மேலதிகாரியிடமும் பேசத் தேவையான ‘கெய்கோ’ என்ற மரியாதை மொழியை எலிக் கதை கற்றுத்தராது. அதற்குப் பாடநூலும் ஆசிரியரும் வேண்டும். கான்ஜியையும் தள்ளிப்போட முடியாது. முப்பது நாற்பது எஹோன் முடித்ததும், கான்ஜிக்குப் பக்கத்தில் சின்ன ஹிராகனாவில் உச்சரிப்பை அச்சிட்ட பள்ளிப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்குப் போங்கள். அங்கே ‘ஹாஷி’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் பாலத்துக்குரிய கான்ஜியும் கூடவே நிற்கும்.