மருந்து கொடுத்தும் மெலிகிறதே டைகர்!

வீட்டுப் பிராணிகள்: மிருக வைத்தியர் பதில்

கேள்வி: டொக்டர், நாங்கள் இறக்குவானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் இருக்கிறோம். எங்கள் நாய் டைகருக்கு ஒன்பது மாதம். நாட்டு நாய்தான். ஐந்து மாதம் வரைக்கும் கொழுகொழுவென்று இருந்தவன், இப்போது விலா எலும்பு தெரிய மெலிந்துவிட்டான். சாப்பாட்டைக் கண்டால் பாய்கிறான். ஆனால் தின்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. ஒரு நாள் கெட்டியாகப் போனால் இரண்டு நாள் வயிற்றோட்டம். சளியோடும், சில நாள் கறுப்பாகவும் போகிறான். எப்போதாவது வாந்தியும் உண்டு. டவுனில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சிக் குளிசை ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஒரு கிழமை பரவாயில்லை, பிறகு பழைய கதைதான். கண்ணூறு என்று பக்கத்துக் காம்பரா அக்கா கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். வைத்தியரிடம் கொண்டுபோனால் ஒரு நாள் பேரும் கூலியும் போகும். இன்னொரு குளிசை கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. இரண்டாவது குளிசையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்தான் நாட்கள் வீணாகும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். டைகரின் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டு மூன்று நாள் அவகாசம் இருக்கிறது. வெளிறி வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது நடந்தால் மூச்சு வாங்கினால், பேரைப் பார்க்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். இரத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் கொழுக்கிப்புழு. ஒரு சென்றிமீற்றர் அளவுள்ள இந்தப் புழு சிறுகுடலின் சுவரைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிக்கும். நாயின் பெரிய கொழுக்கிப்புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர் இரத்தம் போகும். நூறு புழு இருந்தால் தினமும் இரண்டு தேக்கரண்டி. பத்துக் கிலோ நாயின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஒரு லீற்றருக்குக் குறைவுதான். அதோடு, கடித்த இடத்தை விட்டுப் புழு நகர்ந்த பிறகும் பழைய காயம் கசிந்துகொண்டே இருக்கும். அந்த இரத்தம் குடலில் செரித்து வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது.

அப்படியானால் குளிசை ஏன் பலிக்கவில்லை? காரணம் மூன்று.

ஒன்று, மருந்தின் அளவு. பிள்ளைகளுக்கு ஒரே வேளையில் கொடுப்பது நாய்க்குப் பொருந்தாது. நாய்க்கு எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சில மருந்துகளை மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். மனிதருக்கான சில குளிசைகள் சில நாய்களின் ஈரலையும் கெடுக்கும்.

இரண்டு, ஒளிந்திருக்கும் புழு. நாய்க் கொழுக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தசைக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். குடலில் இருப்பவை மருந்தில் செத்ததும் இவை மெல்ல இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் இரண்டு மூன்று கிழமையில் மறுபடி மருந்து கொடுக்கச் சொல்கிறோம். தாயின் பாலோடும் இளம்புழு குட்டிக்குப் போகும். டைகருக்குத் தொற்றியது பிறந்த கிழமையிலேயே கூட இருக்கலாம்.

மூன்று, மண். இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மலத்தோடு விழும் முட்டை ஈரமான, நிழலான, சூடான மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு கிழமைக்குள் இளம்புழு காலடித் தோலைத் துளைத்து ஏறும் நிலைக்கு வந்துவிடும். இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. லயத்தின் பின்புறம், கானோரம், தேயிலைச் செடிக்கடி எல்லாமே அதற்கு ஏற்ற இடங்கள். டைகர் தினமும் ஒரே மூலையில் மலம் கழித்து, அதே மூலையில் படுத்தால், கொடுத்த மருந்தை அந்த மண் ஒரு மாதத்தில் வீணாக்கிவிடும்.

தோட்டங்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1916 இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். அன்றைக்கு நோயாளிகள் நாய்கள் அல்ல, வெறுங்காலோடு கொழுந்து பறித்த நம்முடைய பாட்டன் பாட்டிமார். செனோபோடியம் எண்ணெயைக் குடிக்கக் கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டச் செலவழிக்கத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். கூடம் இல்லாத இடங்களில் மருந்து குடித்தவர்களுக்கே மறுபடியும் தொற்றியது. டைகர் விஷயத்திலும் அதேதான். குடலுக்கு மருந்து, மண்ணுக்குச் சுத்தம், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

மண்ணுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மலத்தைத் தினமும் மண்வெட்டியால் அள்ளி, கானுக்கும் பீலிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தூரமாக ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். உரமாகப் போடாதீர்கள். படுக்கும் இடத்தை வெயில் விழும் பக்கத்துக்கு மாற்றி, பழைய சாக்கைக் கழுவிக் காயப் போடுங்கள். காய்ந்த மண்ணும் நேர் வெயிலும் இளம்புழுவைக் கொன்றுவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், புழுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஜியார்டியா என்ற கிருமி பீலித் தண்ணீரிலிருந்து தொற்றினால் இதே மாதிரி விட்டு விட்டு வயிற்றோட்டம் வரும். அதற்கு மருந்து வேறு. உண்ணி கடித்து வரும் பபேசியாக் காய்ச்சலிலும் முரசு வெளிறி நாய் மெலியும். சாணி வண்டையோ, அதைத் தின்ற பல்லியையோ கோழிக் கழிவையோ தின்னும் நாய்களுக்கு உணவுக்குழாயில் புழுக்கட்டி வரும். அப்படிப்பட்ட நாய் தின்றதைச் செரிக்காமலே உடனே கக்கும். டைகர் கக்குவது தின்ற கையோடா, நேரம் கழித்தா என்று கவனித்துச் சொல்லுங்கள். விழுங்கவே முடியாமல் எச்சில் வடித்தால் மட்டும் வாய்க்குள் கையை விடாதீர்கள். அது விசர் நோயாகவும் இருக்கலாம்.

அதனால் முதல் வேலை மலப் பரிசோதனை. கழுவிக் காயவைத்த யோகட் கோப்பையில், மண் ஒட்டாமல், அன்று காலை போன மலத்தில் ஒரு தேக்கரண்டி எடுத்து மூடி, அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு டைகரோடு கொண்டுபோங்கள். அன்றைக்கே போக முடியாவிட்டால் குளிரான இடத்தில் வையுங்கள், ஐஸாக உறைய விடாதீர்கள். ஒருமுறை ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி பார்த்தால்தான் ஜியார்டியா போன்றவை அகப்படும். கொடுத்துப் பார்த்த குளிசையின் வெற்று அட்டையையும் எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். ரொட்டித் துண்டும் குழம்புச் சோறும் வளரும் நாய்க்குப் போதாது. சோற்றோடு அவித்த முட்டை, முள் எடுத்த சாளை மீன், கோழி ஈரல், இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் சேரட்டும். உப்பு, மிளகாய், வெங்காயம் வேண்டாம். அவித்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும். மா பால் கரைத்து ஊற்றினால் வயிற்றோட்டம் கூடும். ஒரே வேளை வயிறு முட்டக் கொடுப்பதை விட்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: கேகாலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அல்சேஷனுக்கு ஒன்றரை வயது. மூன்று தடவை மலம் பார்த்தும் புழு இல்லை என்றார்கள். மலையளவு தின்கிறது, மலையளவு போகிறது. வெளிறிய, எண்ணெய்ப் பசையான மலம். அதையே திரும்பத் தின்னப் பார்க்கிறது. எலும்பும் தோலுமாக ஆகிவிட்டது. ஏன்?

பதில்: இந்த இனத்தில், இந்த வயதில், இந்த மாதிரி மலம் என்றால் கணையத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். செரிக்க வைக்கும் நொதிகளைச் சுரக்கும் பகுதி மெல்ல அழிந்துபோகும் நோய் அல்சேஷனில் பரம்பரையாக வருவது. கணையத்தில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் வெளியே தெரியும். அதுவரை நாய் நல்லாகவே இருக்கும். தின்ற கொழுப்பும் மாச்சத்தும் செரிக்காமல் அப்படியே வெளியேறுவதால், வயிறு நிறையச் சாப்பிட்டும் அது பட்டினி கிடக்கிறது.

பட்டினி வைத்து எடுத்த இரத்தத்தில் டிஎல்ஐ என்ற பரிசோதனை செய்தால் உறுதியாகும். மாதிரியை எங்கே அனுப்புவது என்று உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். கேகாலையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை கண்டி வீதியில் தூரமில்லை. சிகிச்சை ஆயுள் முழுக்க வேண்டும். ஒவ்வொரு வேளை சாப்பாட்டிலும் நொதித் தூள் கலக்க வேண்டும். தூள் கிடைக்காத இடத்தில் இறைச்சிக் கடையில் வாங்கிய மாட்டுக் கணையத்தைப் பச்சையாகவே அரைத்துக் கலப்பதும் உண்டு. அவித்தால் நொதி செத்துவிடும். பி12 ஊசியும் பெரும்பாலும் தேவைப்படும். சரியாகக் கொடுத்தால் சில கிழமையில் உடம்பு தேறத் தொடங்கும். இந்த நாயிலிருந்து மட்டும் குட்டி எடுக்காதீர்கள்.

கேள்வி: யட்டியாந்தோட்டையில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். பேரப்பிள்ளைகள் நாயோடு மண்ணில் விளையாடுகிறார்கள். நாயின் புழு பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: வரும் அம்மா, இரண்டு மூன்று வழியில் வரும். நாயின் கொழுக்கிப்புழு இளம்புழுக்கள் காலைத் துளைத்துத் தோலுக்கடியில் ஊர்ந்து, சிவந்த வளைகோடாகக் கடுமையாகச் சொறியும். 1911 இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலில் கண்டு விவரித்த இன்னொரு கொழுக்கிப்புழு இனம், நாயிலும் பூனையிலும் வாழ்வது, மனிதக் குடலிலும் குடியேறி முட்டையிடும். 1913 இலேயே வங்காளத்துச் சிறைக் கைதிகளிடம் அதைக் கண்டார்கள். நாயின் வட்டப்புழு முட்டை மண்ணோடு பிள்ளையின் வாய்க்குப் போனால் இளம்புழு ஈரலுக்கும் கண்ணுக்கும் அலையும்.

நாயை விரட்ட வேண்டியதில்லை. குட்டிக்கு இரண்டாவது, நாலாவது, ஆறாவது, எட்டாவது கிழமையில் எடை பார்த்துப் பூச்சி மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குட்டி ஈன்ற தாய்க்கும் அதே நாட்களில் கொடுங்கள். பிள்ளைகள் செருப்புப் போடட்டும், சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். பாடசாலையில் கொடுக்கும் பூச்சிக் குளிசையைத் தவறவிடாதீர்கள். பக்கத்துக் காம்பராக்களில் உள்ள நாய்களுக்கும் ஒரே கிழமையில் மருந்து கொடுத்தால்தான் பலன் நிற்கும், ஏனென்றால் லயத்தின் முற்றம் எல்லாருக்கும் பொது.